அதிகம் பெறுவதுதான் வெற்றி என்றால் எல்லா விலங்கும் ஏன் முயல் மாதிரி இல்லை?

நத்தைவேகம் கேட்டது:

ரொம்ப நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தேகம். நான் உயிரியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எது அதிகச் சந்ததியை விட்டுச் செல்கிறதோ அதன் மரபணுதான் பெருகும், இதுதான் இயற்கைத் தேர்வு என்று படித்தேன். சரி. அப்படியானால் இத்தனை கோடி ஆண்டுகளில் கருத்தரிக்கும் திறன் எல்லா உயிரிலும் உச்சத்துக்குப் போய் நின்றிருக்க வேண்டாமா? யானை 22 மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனுகிறது, அடுத்ததற்கு இன்னும் சில வருடம் ஆகிறது. காட் என்ற கடல்மீன் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை விடுகிறது. ஒரே விதி இரண்டு பேரையும் இப்படி எதிரெதிர் மூலையில் எப்படிக் கொண்டுபோய் நிறுத்தும்?

இன்னொன்று. ஒரு விலங்கு குறைவாகக் குட்டி போட்டால் அது தீனி, வெயில் மாதிரிச் சூழலால் வந்ததா, மரபணுவிலேயே அப்படி மாறிவிட்டதா என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? படிக்கும் கட்டுரையெல்லாம் "சூழலுக்கு ஏற்பத் தகவமைந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை.

கூடுகாவலன் எழுதியது:

கணக்கு எழுதுகிறவர் என்றால் உங்களுக்குச் சொல்வது சுலபம். நீங்கள் வரவை மட்டும் பார்க்கிறீர்கள். ஈன்றது எத்தனை என்பது பாதிக் கணக்குதான், அதில் எத்தனை வளர்ந்து அடுத்த தலைமுறையைப் பெற்றது, தாய் அடுத்த வருடம் உயிரோடு இருந்ததா என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

1940களில் டேவிட் லேக் என்ற பறவையியலாளர் கேட்டதும் கிட்டத்தட்ட உங்கள் கேள்விதான். ஒரு பறவை எட்டு முட்டையோடு ஏன் நிறுத்துகிறது, பன்னிரண்டு ஏன் இடக்கூடாது? அவர் சொன்ன பதில், பெற்றோரால் எத்தனை குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுத்து நன்றாக வளர்க்க முடியுமோ அந்த எண்ணிக்கையில்தான் தேர்வு வந்து நிற்கும் என்பது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் வைத்தம் காட்டில் கிரேட் டிட் என்ற சின்னப் பறவையை 1947 முதல் இன்றுவரை கூடு கூடாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டில் குஞ்சு கூடக்கூட ஒவ்வொன்றும் எடை குறைந்து பறக்கிறது, எடை குறைந்தவை அந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. நிறையப் பெற்றது குறைவாகத்தான் மிஞ்சியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மற்றவர்கள் கூட்டில் கைவைத்துச் செய்து பார்த்த சோதனைகள். ஒரு கூட்டில் இரண்டு குஞ்சை எடுத்து இன்னொரு கூட்டில் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் காலர்டு ஃப்ளைகேட்சர் என்ற பறவையிடம் இப்படிச் செய்தபோது, அதிகக் குஞ்சு வளர்த்த தாய் அடுத்த வருடம் குறைவாக முட்டையிட்டது. நெதர்லாந்தில் கெஸ்ட்ரல் என்ற வல்லூறு வகையிடம் செய்தபோது, கூடுதல் குஞ்சுக்காக உழைத்த பெற்றோர் அந்தக் குளிர்காலத்திலேயே அதிகம் செத்தன. கடன் வாங்கிச் செலவு செய்கிற மாதிரிதான், தவணை பிறகு வரும். ஒரு பருவத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு அந்தத் தவணை கண்ணில் படாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் டிரினிடாட்டில் இருக்கிறது. மீன்தொட்டியில் வளர்ப்போமே, அந்தக் கப்பி. அங்கே மலை ஓடைகளில் அருவிக்குக் கீழே பைக் சிக்லிட் என்ற பெரிய மீன் இருக்கிறது, அது வளர்ந்த கப்பிகளைத் தின்னும். அருவிக்கு மேலே அதனால் ஏற முடியாது, அங்கே இருப்பது ரிவ்யுலஸ் என்ற சிறிய மீன், அது பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் தின்னும். கீழே இருக்கும் கப்பி சீக்கிரம் பருவமடைந்து, நிறைய, சின்னச் சின்னக் குஞ்சுகளைப் போடுகிறது. நாளைக்கு உயிரோடு இருப்போம் என்பதே நிச்சயமில்லை, எதற்காகக் காத்திருக்க வேண்டும்? மேலே இருக்கும் கப்பி தாமதமாக, குறைவாக, பெரிய குஞ்சுகளாகப் போடுகிறது.

"அதெல்லாம் மேலே தண்ணீரும் இரையும் வேறு, அதனால் இருக்கலாமே" என்று கேட்கலாம். ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் 1976இல் ஆரிப்போ ஆற்றில் அருவிக்குக் கீழே இருந்த கப்பிகளைப் பிடித்து, அதுவரை கப்பியே இல்லாத மேல் ஓடையில் விட்டார். 11 வருடம் கழித்துப் பார்த்தால் (30 முதல் 60 தலைமுறை இருக்கும்) அவற்றின் வழித்தோன்றல்கள் மேலோடைக் கப்பி மாதிரியே தாமதமாகப் பருவமடைந்து பெரிய குஞ்சு போட்டன. அதோடு நிற்கவில்லை. டேவிட் ரெஸ்னிக்கும் கூட இருந்தவர்களும் அவற்றைப் பிடித்து வந்து ஆய்வகத்தில் ஒரே தண்ணீர், ஒரே தீனியில் இரண்டு தலைமுறை வளர்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் போகவில்லை. சூழலால் மட்டும் வந்திருந்தால் சூழலை ஒன்றாக்கியதும் அழிந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்ட பிரிப்பு இதுதான், ஒரே இடத்தில் வளர்த்துப் பார், மிச்சம் நிற்பது மரபு.

அமைதிப்புறா எழுதியது:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை நண்பரே. இயற்கை தானே ஒரு சமநிலை வைத்திருக்கிறது. உணவு குறைந்தால் விலங்குகள் தங்கள் இனம் அழியாமல் இருக்கத் தாங்களாகவே குட்டியைக் குறைத்துக்கொள்ளும். மனிதனுக்குத்தான் அந்த அறிவு இல்லை.

கூடுகாவலன் எழுதியது:

உணவு குறைந்தால் குறைத்துக்கொள்ளும் என்பது சரி. இனத்துக்காகக் குறைக்கும் என்பதுதான் சிக்கல். 1962இல் வின்-எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் இதையே பெரிய புத்தகமாக எழுதினார், லேக் 1966இல் வரிந்துகட்டிக்கொண்டு மறுத்தார். எல்லோரும் இனத்துக்காக விட்டுக்கொடுத்துக் குறைவாகப் பெறுகிற கூட்டத்தில், விட்டுக்கொடுக்காத ஒன்று பிறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதன் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறையில் அதிகம் இருக்கும், விட்டுக்கொடுக்கும் குணம் சில தலைமுறையில் காணாமல் போகும். பஞ்ச காலத்தில் தாய் குறைவாகப் பெறுவது தன் சொந்தக் கணக்குக்காக. எல்லாவற்றையும் பெற்று எல்லாவற்றையும் பட்டினியில் இழப்பதைவிட, இரண்டு பெற்று இரண்டையும் காப்பாற்றுவது மேல்.

மாட்டுவைத்தியர் எழுதியது:

பறவைக்காரர்கள் காட்டிலேயே நிற்கிறார்கள், நான் தொழுவத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். கால்நடை மருத்துவம் பார்க்கிறவன்.

சினை நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் பசுவைத்தான் குற்றம் சொல்வார்கள். ஒருமுறை ஒரு பண்ணையில் பதினைந்து பசுவுக்கு மேல் வரிசையாகத் திரும்பச் சினைக்கு வந்துகொண்டே இருந்தன, தீவனம், தாது உப்பு, நோய் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, இரண்டு மாதம் முன்பு கடும் வெயிலில் பொலிகாளை நிழல் இல்லாமல் கிடந்திருக்கிறது. காளையின் விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். ஒரு விந்தணு உருவாக 61 நாள், அப்புறம் வெளியே வரப் பத்து நாள் அளவில். ஆக வெயில் அடித்த வாரத்தில் ஒன்றும் தெரியாது, மழை பெய்து எல்லாம் பச்சையான பிறகு பழைய வெயிலுக்கான பில் வரும். இது சுத்தமாகச் சூழல், மரபணுவுக்கு இதில் வேலையே இல்லை. நிழல் கட்டினோம், காளைக்கு ஓய்வு கொடுத்தோம், தானாகச் சரியாயிற்று.

செம்மறி ஆடு வேறு கதை. குளிர்நாடுகளில் அதற்குக் காலண்டர் சூரியன்தான். இரவு நீளும்போது மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் அதிக நேரம் சுரக்கும், அதைப் பார்த்து ஆடு சினைக்கு வரும், ஐந்து மாதம் கழித்துப் புல் முளைக்கும் வசந்தத்தில் குட்டி. குதிரை சுமப்பது 11 மாதம், அதனால் அதற்கு நேர் எதிர், பகல் நீளும்போது சினைக்கு வரும். இரண்டும் குறிவைப்பது அதே புல் முளைக்கும் பருவத்தைத்தான். குதிரை லாயத்தில் மாதக்கணக்கில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து முன்கூட்டியே சினைக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஆக ஒளி என்பது சூழல், ஆனால் எந்த ஒளிக்கு எப்படி நடந்துகொள்வது என்ற கட்டளை மரபில் இருக்கிறது. நத்தைவேகம் சார், நீங்கள் சூழலா மரபா என்று கத்தியால் வெட்டிக் கேட்டீர்கள் இல்லையா, பல இடத்தில் வெட்ட வராது.

அப்புறம் மனிதன் செய்த தேர்வு. ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனப் பசுவைப் பல பத்தாண்டு பாலுக்காக மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பால் ஏறியது, சினைபிடிக்கும் திறன் இறங்கியது. ஈன்ற புதிதில் அவ்வளவு பால் கறக்கும் பசு, தின்பது போதாமல் தன் உடம்பையே கரைத்துக் கொடுக்கிறது, அந்த நிலையில் உடம்பு இன்னொரு கருவுக்குச் சம்மதிக்காது. சினைபிடிப்பதில் பசுவுக்குப் பசு இருக்கும் வித்தியாசத்தில் மரபால் வருவது 4 சதவீதம் அளவுதான், மீதியெல்லாம் தீனி, வெயில், பராமரிப்பு, அதிர்ஷ்டம். அதனால் "மரபில் ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் கைகழுவிவிட்டார்கள். அது தப்பு. அமெரிக்காவில் 2003 முதல் காளையைத் தரம் பிரிக்கும்போது மகள்களின் சினைபிடிப்பையும் கணக்கில் சேர்த்தார்கள், கீழே போய்க்கொண்டிருந்த கோடு நிமிர்ந்தது. 4 சதவீதம் சின்ன எண்தான், ஆனால் லட்சக்கணக்கான மகள்களின் பதிவு கையில் இருந்தால் அதுவே போதும்.

இன்னொன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1962இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை, பாலுக்குப் பெயர்போனது, செயற்கைக் கருவூட்டல் மூலம் அதற்கு 16,000 மகள்கள். உலக ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுவில் ஏறக்குறைய 14 சதவீதம் அதனுடையது என்று கணக்கிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, அதனிடம் ஒரு பழுதான மரபணு ஒளிந்திருந்தது. தாய் தந்தை இரண்டு பக்கமும் அது வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். இப்படிக் கலைந்தவை ஐந்து லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்த விதம்தான் அழகு: செத்த கன்றைத் தேடவில்லை, உயிரோடு இருந்த ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுவைப் பார்த்து, இரட்டையாக ஒருபோதும் தென்படாத துண்டு எது என்று தேடினார்கள். இல்லாததை வைத்துக் கண்டுபிடித்தது.

நத்தைவேகம் எழுதியது:

டாக்டர், அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். தணிக்கையில் நாங்களும் அப்படித்தான், இருக்க வேண்டியது எங்கே இல்லை என்று பார்ப்போம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. குறையுள்ள மரபணுவைத் தேர்வு ஏன் முன்பே துடைத்து எறியவில்லை? கருத்தரிப்பைக் கெடுப்பதுதானே முதலில் போக வேண்டும், முதலுக்கே மோசம் ஆச்சே?

மாட்டுவைத்தியர் எழுதியது:

ஒற்றையாக இருக்கும்போது அது ஒன்றும் செய்யாது, தேர்வின் கண்ணுக்கே படாது. அதைவிட மோசம், சிலது ஒற்றையாக இருந்தால் லாபம்கூடத் தரும். நியூசிலாந்தில் இன்வர்டேல் என்று ஒரு செம்மறி மரபணு. ஒரு பிரதி இருக்கும் பெட்டை ஒவ்வொரு முறையும் கூடுதல் சினைமுட்டை விடும், இரட்டைக் குட்டி சாதாரணம். வளர்ப்பவருக்குக் கொண்டாட்டம். அதே மரபணு இரண்டு பிரதியாக வந்த பெட்டைக்குச் சினைப்பையே வளராது, முழு மலடு. வளத்தையும் மலட்டையும் ஒரே மரபணு தருகிறது, எத்தனை பிரதி என்பதுதான் வித்தியாசம். இதைத் தேர்வு எப்படித் துடைக்கும், எப்படி முழுதாகப் பரப்பும்? நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

வலைவீசி எழுதியது:

காட் மீன் என்று ஆரம்பத்தில் சொன்னதால் உள்ளே வந்தேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கத்தில் 1992இல் காட் பிடிப்பதையே நிறுத்த வேண்டிவந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அங்கே காட் மீன்கள் முன்பைவிடச் சின்ன வயதில், சின்ன உடம்பில் பருவமடைந்துகொண்டிருந்தன. வலை பெரியதைப் பிடிக்கிறது, தாமதமாக வளர்ந்து முட்டையிடக் காத்திருக்கும் மீனுக்கு அந்த நாள் வருவதே இல்லை. மேலே சொன்ன சிக்லிட் செய்ததை இங்கே நாம் செய்தோம். பெரிய தாய்மீன் சின்னதைப்போல் பல மடங்கு முட்டை விடும், அதுவும் தரமான முட்டை, அதனால் இழப்பு எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரியது. அவ்வளவுதான், தொடருங்கள்.

நத்தைவேகம் எழுதியது:

அப்படியானால் சூழல் ரொம்ப வேகமாக மாறினால்? வைத்தியர் சொன்ன சூரியக் காலண்டர் இருக்கிறதே, பகல் நீளம் மாறாது, வெப்பம் மட்டும் மாறும். அப்போது காலண்டர் பொய் சொல்லாதா?

கூடுகாவலன் எழுதியது:

சொல்கிறது, சிலருக்கு. வைத்தம் காட்டின் கிரேட் டிட் 1960களைவிட இன்று இரண்டு வாரம் அளவுக்கு முன்னதாக முட்டையிடுகிறது. இதில் பெரும்பகுதி மரபு மாற்றம் இல்லை, அதே பறவை வெப்பமான வசந்தத்தில் முன்னதாகவும் குளிர்ந்த வசந்தத்தில் பின்னதாகவும் இடுகிறது. ஊரிலேயே இருப்பதால் ஊர் நிலவரம் தெரிகிறது. பைட் ஃப்ளைகேட்சர் என்ற வலசைப் பறவை குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழிக்கிறது, தான் கூடு கட்டும் நெதர்லாந்தில் வசந்தம் முந்திவிட்டது என்று அங்கே இருந்து எப்படித் தெரியும்? வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்போது குஞ்சுக்கு இரையான கம்பளிப்புழுவின் சீசன் முடிந்திருக்கும். புழு மிக முன்னதாக உச்சம் தொடும் காடுகளில் அந்தப் பறவையின் எண்ணிக்கை 1987க்கும் 2003க்கும் நடுவே ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்தது.

கடலாமை இன்னும் பாவம். மண்ணின் சூட்டைப் பொறுத்துத்தான் முட்டையில் ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது, சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டின் வடக்குப் பகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018இல் வந்த ஆய்வு சொன்னது. இன்றைக்கு முட்டைக்குக் குறைவே இல்லை, தாய்கள் ஏராளம். ஆண் தீர்ந்துபோவது இன்னும் சில பத்தாண்டு கழித்துத்தான் தெரியும். மாட்டுவைத்தியர் சொன்ன காளைக்கு இரண்டு மாதம் கழித்து வந்த பில், இங்கே அதே பில், தவணைதான் நீளம்.

அப்புறம் உங்கள் யானைக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. மெதுவாகப் பெறுகிறவனுக்குப் பெரியவர்கள் சாகாமல் இருப்பதுதான் முதலீடு. துப்பாக்கி வந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். மொசாம்பிக்கின் கோரோங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காகச் சுட்டதில் யானைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 சதவீதம், தப்பிப்பிழைத்தவற்றில் 50.9 சதவீதம். தந்தம் இல்லாததால் சுடப்படவில்லை. ஆனால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதைப் பெற்ற ஆண் கரு பிழைப்பதில்லை. தந்தமில்லாத தாய்க்குப் பிறக்கும் கன்றுகளில் சுமார் மூன்றில் இரண்டு பெண். தன் உயிரைக் காப்பாற்றிய அதே மரபணுவுக்கு விலையாக மகன்களில் பாதியைக் கொடுக்கிறது.

நத்தைவேகம் எழுதியது:

போர் முடிந்து முப்பது வருடம் ஆகிவிட்டதே. தந்தம் திரும்பி வருகிறதா?

கூடுகாவலன் எழுதியது:

போருக்குப் பிறகு பிறந்த பெண் யானைகளில் தந்தமில்லாதவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாதியிலிருந்து இறங்கியிருக்கிறது, பழைய 18.5க்கு இன்னும் போகவில்லை. யானைக்கு ஒரு தலைமுறை என்பது இருபது வருடத்துக்கு மேல், கப்பி மாதிரி 11 வருடத்தில் திரும்பாது.